வடிவுக்கு முப்பத்து நாலு

"அஜ்ஜி, நீங்க அப்படி ஓரமா உட்காருங்க. ஆயா வேலைக்கு வந்திருக்கிறது யாரு?"

சுலோசனா மேடம் கன்னடத்தில் இப்படிக் கேட்டதும் தாரணி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அஜ்ஜி என்றால் பாட்டி. தங்களுக்குப் பின்னால் எந்தப் பாட்டி வந்து நிற்கிறாள்?

ஒருவரும் இல்லை. சுவர்தான் இருந்தது. பெயின்ட் வாசனை இன்னும் போகாத புதுச் சுவர். அந்தச் சுவருக்குச் செங்கல் சுமந்தவள் தாரணியின் அம்மா வடிவு. மேடம் பாட்டி என்று சொன்னதும் அவளைத்தான்.

"நான்தானுங்க வந்திருக்கேன்," என்றாள் வடிவு, தனக்குத் தெரிந்த கன்னடத்தில்.

"நீங்களா?" மேடம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "வெளியே போர்டு இருக்கே, பாக்கலையா? நாற்பது வயசுக்குள்ளதான் எடுக்கிறோம். எல்லாம் சின்னக் குழந்தைங்க. பின்னாலயே ஓடணும்."

"எனக்கு முப்பத்து நாலுங்க."

பக்கத்து மேசையில் இருந்த கிளார்க் களுக்கென்று சிரித்துவிட்டு, இருமுவதுபோல் நடித்தார். மேடம் சிரிக்கவில்லை. பரிதாபமாகப் பார்த்தார். கிளார்க்கின் சிரிப்பைவிட அந்தப் பார்வைதான் தாரணிக்குச் சுருக்கென்று தைத்தது.

"வயசுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா?"

வடிவு ரேஷன் கார்டை நீட்டினாள். அதில் அவள் பெயருக்கு எதிரே ஐம்பது என்று எழுதியிருந்தது. கார்டு எழுதியவர் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், வயதை மட்டும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்து அவரே எழுதிக்கொண்டார்.

"இதுலயே ஐம்பதுன்னு இருக்கே!"

"அது தப்புங்க. அந்த ஆளு..."

"சரி அஜ்ஜி, சரி. அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

அவ்வளவுதான். முடிந்தது.

பாட்டி என்று சொன்னதற்குத் தாரணிக்கு இவ்வளவு கோபமா என்று கேட்காதீர்கள். விஷயம் வேறு.

தாரணியின் குடும்பம் ராமாபுரத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தது. அப்பா காளியப்பன் கம்பி கட்டுவார். அம்மா சித்தாள். மணல், கல், சிமென்ட் கலவை எல்லாம் சுமப்பாள். கட்டடம் எழும்பும் இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியிருப்பார்கள். கட்டடம் முடிந்தால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடம். ஒவ்வொரு முறையும் தாரணிக்குப் பள்ளிக்கூடமும் மாறும்.

ஆறாம் வகுப்புக்குள் அவள் மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். இப்போது விஜயநகரில் படிக்கும் பள்ளியில்தான் முதல்முறையாக ஒரு நல்ல தோழி கிடைத்திருந்தாள். பெயர் மீனா. ஆனால் கோடை விடுமுறை முடிந்ததும் வேலை நஞ்சன்கூடு பக்கம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் போச்சு. மீனாவும் போச்சு.

அம்மா செங்கல் சுமந்து கட்டிய இந்த நர்சரிப் பள்ளியிலேயே ஆயா வேலை கிடைத்தால் போகவே வேண்டாம். ஆயாவுக்குப் பின்பக்கம் ஓர் அறை உண்டு என்று போர்டில் எழுதியிருந்தது. அதைப் படித்து அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததே தாரணிதான்.

அப்படிப்பட்ட வேலையைத்தான் முகத்தைப் பார்த்தே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் தாரணி காலால் ஒரு கல்லை எத்தினாள். அது போய் கேட்டில் 'டங்' என்று மோதியது.

"எதுக்குடி கல்லை உதைக்கறே? கால் நோவும்," என்றாள் வடிவு.

"உன்னைப் பாட்டின்னு சொல்றாங்க. நீ பாட்டுக்குச் சரிசரின்னு வர்றே!"

"பாட்டின்னா ஒண்ணும் கேவலமில்ல கண்ணு. வயசானா ஆக வேண்டியதுதான். ஆனா என்னைக் கேக்காமயே ஆக்கிட்டாங்க பாரு!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கொட்டகைக்குள் போனதும் ஆணியில் தொங்கிய சின்னக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள். தாரணி அதைப் பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் காளியப்பன் ஒரு சின்ன டியூப்பை மடியிலிருந்து எடுத்தார். முகத்துக்குப் போடும் கிரீம்.

"வடிவு, இந்தா. கடைக்காரரு சொன்னாரு. பத்து நாள்ல பத்து வயசு கொறையுமாம்!"

வடிவு டியூப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, இதுக்கு எம்புட்டு அழுதீங்க?"

"அதை விடு. போட்டுப் பாரு."

தாரணி பட்டென்று கேட்டாள்: "அப்பா, எனக்குப் பதினொண்ணு. பத்து நாள் போட்டா நான் ஒரு வயசுப் பாப்பாவா ஆயிடுவனா?"

"அது... வந்து..."

"இன்னும் பத்து நாள் சேத்துப் போட்டா நான் பொறக்கவே மாட்டேனேப்பா!"

வடிவு வாய்விட்டுச் சிரித்தாள். காளியப்பனும் சிரித்துவிட்டார். "போச்சு போ. நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன். இந்தப் புள்ளகிட்ட எதையுமே விக்க முடியாது!"

ஆனால் கண்ணாடி மட்டும் திரும்பியபடியேதான் இருந்தது.

மறுநாள் அறிவியல் வகுப்பு. நஞ்சுண்டசாமி மாஸ்டர் கரும்பலகையில் தோலின் படம் வரைந்தார். அது பார்ப்பதற்கு அடுக்கடுக்கான கேக் மாதிரி இருந்தது.

"மேலே இருக்கிறது மெல்லிய அடுக்கு. இதுல பழசு உதிர்ந்துக்கிட்டே இருக்கும், புதுசு வந்துக்கிட்டே இருக்கும். அதுக்குக் கீழே நார் நாரா வலை மாதிரிப் பின்னின அடுக்கு. உங்க டவுசர்ல புது எலாஸ்டிக் இருக்குமே, அது மாதிரி. இழுத்து விட்டா 'பட்'னு திரும்பும். அடியில கொழுப்பு. அது மெத்தை."

எல்லாரும் புறங்கையைக் கிள்ளிப் பார்த்தார்கள். பட்! பட்! நன்றாகத் திரும்பியது. பின்பெஞ்சில் ஒருவன் பக்கத்துப் பையனின் கையைக் கிள்ளிவிட்டு உதை வாங்கினான்.

"வயசாக ஆக மேல் அடுக்கு மெலியும். புதுத்தோல் நிதானமாத்தான் வரும். வலை தளர்ந்து போகும். எண்ணெய்ப் பசை குறையும், மெத்தையும் இளைக்கும். அப்போ என்ன ஆகும்?" மாஸ்டர் கன்னடத்தில் பெரிதாக எழுதிப் படித்தார். "சர்ம சுக்காகுத்தெ!"

தாரணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோல் சுக்காகுமா? காபியில் போடும் சுக்கா?

"ஏன் சிரிக்கிறே? எழுந்து சொல்லு," என்றார் மாஸ்டர்.

"சார், தோல் எப்படி சார் சுக்கா ஆகும்? அது இஞ்சியைக் காயவெச்சாத்தானே வரும்?"

வகுப்பு ஒரு நொடி விழித்தது. பிறகு மீனாதான் கண்டுபிடித்தாள். கன்னடத்தில் சுக்கு என்றால் சுருக்கம். தமிழ்க்காரப் பெண் அதைத் தமிழ்ச் சுக்கு என்று நினைத்துவிட்டாள்! அவ்வளவுதான், கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. கன்னடத்தில் இஞ்சியைச் சுண்டி என்பார்கள். பையன்கள் அங்கேயே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஏ ஒண சுண்டி! ஒண சுண்டி!"

காய்ந்த இஞ்சியாம்! அதற்குப் பிறகு மாஸ்டர் சொன்னது ஒன்றும் தாரணியின் காதில் ஏறவில்லை. மணி அடித்ததும் மீனா ஓடிவந்தாள்.

"கோச்சுக்காதேடி. நான் வேணும்னு சொல்லல."

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல," என்றாள் தாரணி, மூக்கு விடைக்க. "எங்க வீட்டுல சுக்குன்னா சுக்குதான்!"

கோபம் தணியாமலேதான் வீட்டுக்கு வந்தாள். கொட்டகையின் தகரக் கூரைமேல் அம்மா ஒரு முறத்தில் இஞ்சி காயவைத்திருந்தாள். போன வாரச் சந்தையில் வாங்கியது. தாரணி ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். சுருங்கி, வரிவரியாக, சாம்பல் பூத்தது போல் இருந்தது.

"சுண்டியாம் சுண்டி!" என்று அதைத் திட்டினாள்.

பிறகு தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். பானைக்கு அடியில் ஈர மணல். அதில் அம்மா கொஞ்சம் இஞ்சியைக் குழம்புக்காகப் புதைத்து வைத்திருந்தாள். தாரணி ஒன்றைத் தோண்டி எடுத்தாள். கொழுகொழுவென்று, நகம் பட்டால் சாறு வரும்போல இருந்தது.

வலது கையில் இஞ்சி. இடது கையில் சுக்கு. அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ரெண்டும் ஒரே நாள் வாங்கியது. ஒரே கடை. ஒரே வேர். இதற்கு மட்டும் எப்படி வயதாகும்?

வயசாகிச் சுக்காகவில்லை. வெயிலில் கிடந்து சுக்காகியிருக்கிறது!

தாரணி பையைக் கவிழ்த்து அறிவியல் புத்தகத்தை எடுத்தாள். வகுப்பில் சிரிப்புச் சத்தத்தில் கேட்காமல் போன பகுதியை ஒரு வரி விடாமல் படித்தாள். கடும் வெயில் தோலின் உள்ளே இருக்கும் நார்களைச் சீக்கிரமே சிதைத்துவிடும் என்று இருந்தது. உடம்புக்குத் தண்ணீர் வேண்டும், பழமும் கீரையும் வேண்டும், வெயில் படும் இடத்தை மூடவேண்டும், தோலை அரிக்கும் பொருள் பட்டால் உடனே கழுவ வேண்டும் என்றும் இருந்தது.

வெளியே வடிவு வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாச் சித்தாள்களையும் போல அவளும் புடவைக்கு மேலே ஒரு பழைய சட்டை போட்டிருப்பாள். காளியப்பன் போட்டுக் கழித்த அரைக்கைச் சட்டை. தண்ணீர் படாமலிருக்க அதன் கையைத் தோள்வரை சுருட்டியிருந்தாள்.

தாரணி அப்படியே நின்றுவிட்டாள்.

முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, சட்டையின் கை முடிகிற இடத்தில், யாரோ கோடு போட்டது போல இருந்தது. கோட்டுக்குக் கீழே கறுத்து, வறண்டு, சிமென்ட் பட்டு வெடித்த கை. கோட்டுக்கு மேலே வழவழவென்று வேறு யாரோ ஒருத்தியின் கை.

"அம்மா, அசையாதே!"

"என்ன, பூரானா?" வடிவு துள்ளினாள்.

"பூரானுமில்ல ஒண்ணுமில்ல. கையைக் காட்டு."

தாரணி முதலில் அம்மாவின் புறங்கையைக் கிள்ளி விட்டாள். தோல் ஒரு குட்டிக் கூடாரம் போல நின்று, யோசித்து யோசித்து இறங்கியது. அடுத்து சட்டைக்கு உள்ளே, மேல்கையின் உள்பக்கம் கிள்ளினாள். பட்! திரும்பிவிட்டது. தன் கையைக் கிள்ளிப் பார்த்தாள். பட்!

"எதுக்குடி இப்படிக் கிள்றே? என்ற கை என்ன மாவா?"

"அம்மா, உனக்கு வயசாகலம்மா! உன்னைக் காயப் போட்டிருக்காங்க!"

வடிவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாரணி இஞ்சியையும் சுக்கையும் கொண்டுவந்து காட்டி, புத்தகத்தையும் படித்துக் காட்டினாள். வடிவு ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்கு மேலே ஒருமுறை தடவினாள். கீழே ஒருமுறை தடவினாள்.

"இத்தனை நாளா தெனமும் குளிக்கறேன். இதைப் பாத்ததே இல்லையே," என்றாள் மெதுவாக.

"வா, மேடத்துகிட்டப் போலாம். நாளையோட ஆள் எடுக்கறது முடியுது."

"அய்யய்யோ, நான் வரமாட்டேன். ஒருக்கா பட்ட அவமானம் போதாதா? போயி மறுபடியும் நிக்கோணுமா?"

"வயசைக் கேக்காமச் சொன்னது அவங்க. அவமானம் அவங்களுக்குத்தான். நமக்கெதுக்கு?"

"வேண்டாம் கண்ணு. பெரிய எடம்."

"அந்தப் பெரிய எடத்தைக் கட்டினதே நீதான்! நீ வரலைன்னா போ. நான் போறேன்."

சொன்னவள் நிற்கவில்லை. விறுவிறுவென்று நடந்தாள். வடிவு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடினாள். "நில்லுடி! ஏ தாரணி! தலையாவது சீவிட்டு வரேன், நில்லுடி!"

சுலோசனா மேடம் கிளம்புவதற்காகக் குடையைக் கையில் எடுத்திருந்தார். வாசலில் இருவரையும் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"மறுபடியுமா? அஜ்ஜி, நான்தான் சொன்னேனே..."

"எங்கம்மா அஜ்ஜி இல்ல மேடம்," என்றாள் தாரணி. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று பேசினாள். "அம்மா, சட்டைக் கையைச் சுருட்டு."

வடிவு தயங்கினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரசரவென்று சுருட்டினாள்.

"மேடம், இது வெயில் பட்ட கை. இது வெயில் படாத கை. ரெண்டும் ஒரே ஆளோடதுதான். இதுல எதைப் பாத்து ஐம்பது வயசுன்னு சொல்றீங்க?"

மேடம் குடையை வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். கோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தாரணி இரண்டு இடத்திலும் கிள்ளிக் காட்டினாள். எலாஸ்டிக், வலை, மெத்தை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"வேணும்னா நீங்களும் உங்க கையைக் கிள்ளிப் பாருங்க மேடம். இதே எடத்துல."

கிளார்க்குக்கு மூச்சே நின்றுவிட்டது. மேடத்தைக் கிள்ளிக்கொள்ளச் சொல்கிறாளே இந்தப் பெண்!

ஆனால் மேடத்துக்கு ஆசை வந்துவிட்டது. ரவிக்கைக் கையைக் கொஞ்சம் ஏற்றி, மேல்கையின் உள்பக்கம் கிள்ளி விட்டார். அவருக்கு நாற்பத்தெட்டு. குடை இல்லாமல் தெருவில் இறங்கவே மாட்டார். முகம் பளிங்கு மாதிரி இருக்கும். கிள்ளிய இடம் மட்டும் மெல்லிய வரிகளோடு சாவகாசமாகத் திரும்பியது. கிளார்க் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மேடம் ரவிக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார். குரலையும் கடுமையாக்கிக்கொண்டார்.

"இதோ பாரும்மா. ஒருத்தர் தோல் மாதிரி இன்னொருத்தர் தோல் இருக்காது. கிள்ளிப் பார்த்தெல்லாம் வயசைச் சொல்ல முடியாது."

அது உண்மைதான். தாரணிக்கும் அது புரிந்தது. ஆனாலும் தலையை நிமிர்த்தினாள்.

"அப்ப மூஞ்சியைப் பாத்து மட்டும் சொல்லலாமா மேடம்?"



மேடம் கிளார்க்கைப் பார்த்தார். ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்க கிளார்க் தயாராக இல்லை.

"உங்க பொண்ணுக்கு வாய் ரொம்ப நீளம்," என்றார் கடைசியில்.

"ஆமாங்க," என்றாள் வடிவு. "நாங்க சேத்து வெச்ச சொத்து அது ஒண்ணுதானுங்க."

மேடத்தின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை.

வடிவுக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. "ஓடணும்னு சொன்னீங்களே, எங்கேங்க ஓடணும்?"

வராந்தாவில் குழந்தைகளுக்கான சின்னச் சின்ன மர நாற்காலிகள் குவிந்து கிடந்தன. மாடிக்குப் போக வேண்டியவை. கிளார்க் காலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வடிவு தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்தாள். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து அடுக்கினாள். "தூக்கி விடு கண்ணு" என்று தாரணியிடம் சொன்னாள். அப்புறம் கைப்பிடியைத் தொடாமல், குனியாமல், ஏதோ பூக்கூடை கொண்டுபோவது போலப் படியேறிப் போனாள். ஓட்டமாக இறங்கி வந்தாள். மறுபடியும் அடுக்கினாள்.

குவியல் காலியாகிவிட்டது. வடிவுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கிளார்க்குக்குத்தான் மூச்சு வாங்கியது.

"மேடம்," என்றார் அவர், முதல்முறையாக வாயைத் திறந்து, "இவங்களை எடுத்துக்கலாம் மேடம். எனக்கு இடுப்பு வலி."

மேடம் இப்போது சிரித்தேவிட்டார்.

"உங்க பேரு என்ன?"

"வடிவு."

மேடம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "வடிவம்மா, நேத்து நான் வயசைக் கேட்டிருக்கணும். கேக்காமலே முடிவு பண்ணிட்டேன். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்குது. முதல் நாளே வந்துடுங்க. ரூம் சாவியும் அன்னைக்கே. ரேஷன் கார்டுல வயசை மட்டும் சரி பண்ணிடுங்க."

தாரணி குதிக்க நினைத்தாள். பெரிய இடம் என்று அடக்கிக்கொண்டாள். ஆனால் குதிகால் மட்டும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு ஏறி ஏறி இறங்கியது.

"இன்னொண்ணு," என்றார் மேடம், குடையை விரித்துக்கொண்டே. "முகத்துக்கு ஏதாவது நல்ல கிரீம் வாங்கிப் போட்டுக்கோங்க. குழந்தைங்களோட அப்பா அம்மாவெல்லாம் வருவாங்க இல்லையா?"

வடிவு மேடத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"கிரீமெல்லாம் வேண்டாமுங்க. தேங்காயெண்ணெய் இருக்குது. நீங்க நிழலைக் குடுத்துட்டீங்க, அது போதும்."

"சரி," என்று சொல்லிவிட்டு மேடம் குடையோடு வெளியே நடந்தார்.

அன்றைக்கு இரவு கொட்டகையில் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஜூன் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை பள்ளிக்கூடத்தில் மிச்சமிருக்கும் கட்டட வேலை, அதுவும் வெயிலில்தான். வடிவு தகரப் பெட்டியைத் திறந்து, காளியப்பனின் வெள்ளை முழுக்கைச் சட்டையை உருவி எடுத்தாள்.

"ஏய் ஏய்! அது மாரியம்மன் பண்டிகைக்குப் போடறது!" காளியப்பன் சட்டையின் ஒரு கையைப் பிடித்து இழுத்தார். "வடிவு, சொன்னாக் கேளு. வேற எதை வேணும்னாலும் எடுத்துக்க!"

"வேற எதுக்குங்க முழுக்கை இருக்குது?"

"அப்ப பண்டிகைக்கு நான் எதைப் போடறது?"

"என்ற அரைக்கைச் சட்டை ஒண்ணு சும்மா கெடக்குது. துவைச்சுத் தர்றேன்."

"தாரணி, நீயாவது சொல்லு கண்ணு!" என்று கெஞ்சினார் காளியப்பன்.

தாரணி யோசிப்பது போல மோவாயைத் தடவினாள். "அப்பா, நீயும் கம்பி கட்டறப்போ வெயில்லதானே நிக்கறே? உனக்கும் ஒண்ணு வாங்கணும்."

"கெட்டுது போ!" என்று காளியப்பன் சட்டையை விட்டுவிட்டார்.

மறுநாள் காலை வேலைக்கு வந்த மேஸ்திரி மல்லப்பன் மணல்குவியலுக்கு முன்னால் திகைத்து நின்றார். வெள்ளை வெளேரென்று முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பித்தான், தலையில் முக்காடு, பக்கத்தில் கை கழுவ ஒரு வாளித் தண்ணீர். அவருக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை.

"யாரம்மா இது? கம்பெனிலருந்து புது மேஸ்திரி அனுப்பியிருக்காங்களா?"

"ஆமா," என்றாள் வடிவு. "வந்து இந்தச் சட்டியைத் தூக்கிவிடு!"